திரவ நைட்ரஜன் ஓவர்கிளாக்கிங்: மதர்போர்டில் நீர் கோக்காமல் காப்பது எப்படி

ஓவர்கிளாக்கிங் என்பது சிபியுவை அதன் வழக்கமான வேகத்துக்கு மேல் ஓட்டுவது. அதைக் குளிர்விக்க, சிபியுவின் மேல் வைத்த ‘பாட்’ என்ற உலோகப் பாத்திரத்தில் திரவ நைட்ரஜன் ஊற்றுவார்கள். இங்கே சொல்லப்படுவது எல்ஜிஏ1700 சாக்கெட் (சிபியு உட்காரும் இருக்கை), இரண்டு டிடிஆர்5 ரேம் ஸ்லாட் உள்ள போர்டு ஒன்றை மனதில் வைத்து எழுதியது. ஏசுஸ் அபெக்ஸ், கிகாபைட் டாக்யான் போன்ற, இந்த வேலைக்கென்றே வரும் போர்டுகள் இந்த வகைதான். வேறு சாக்கெட் என்றால் அளவுகள் மாறும், வேலையின் வரிசை மாறாது. உலர்பனியில் (−78.5 °செ) ஓட்டுபவர்களுக்கும் இதே முறை போதும், சுற்றி ஒட்டும் காப்பு ஃபோமின் தடிமனை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதில் தெளிவு வேண்டும். வருவது காற்றிலிருந்து. காற்றின் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் ஈரம் படியும். அறை 25 °செ, ஈரப்பதம் 50% என்றால் பனிநிலை சுமார் 14 °செ. 30 °செ, 70% என்றால் 24 °செ. சென்னை, கொழும்பு மாதிரி கடலோர ஊர்களில் சாதாரணமாகப் பார்க்கும் 32 °செ, 75% நிலையில் அது 27 °செ-க்குப் போய்விடும். அதாவது அறை வெப்பத்தைவிட ஐந்து டிகிரி குளிர்ந்தாலே போர்டு வியர்க்கத் தொடங்கும். திரவ நைட்ரஜன் கொதிப்பதோ −196 °செ-இல்.

எனவே, காற்றை உள்ளே விடாமல் அடைப்பதுதான் வேலை. குளிர்ந்த பரப்புக்கும் காப்புக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் ஈரக்காற்று அங்கே போகும், உறையும், அந்த இடத்தில் அழுத்தம் குறைவதால் மேலும் காற்றை இழுக்கும். மூன்று மணி நேரத்தில் அந்த இடைவெளி முழுக்கப் பனிக்கட்டியாக இருக்கும். மேலே எவ்வளவு தடிமனாக ஃபோம் வைத்தாலும் அடியில் காற்று புகுந்தால் பயனில்லை. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தவறுகிறார்கள்: ஃபோமை அடுக்கடுக்காக ஒட்டுவார்கள், சாக்கெட்டைச் சுற்றியுள்ள பள்ளங்களை அப்படியே விட்டுவிடுவார்கள்.

ஃபோம் எவ்வளவு தாங்கும்?

தோராயமான கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். பாட்டின் சுவர் −150 °செ, அறை 30 °செ, சுற்றியிருப்பது 20 மி.மீ நைட்ரைல் ஃபோம். காற்று அசையாமல் இருந்தால் ஃபோமின் வெளிமுகம் கிட்டத்தட்ட −2 °செ-இல் நிற்கும். வெளியே நன்றாகவே பனி பிடிக்கும். அதே ஃபோமின் மேல் ஃபேன் காற்று வீசினால் வெளிமுகம் 18 °செ வரை ஏறும். பனிநிலை 24 °செ உள்ள அறையில், ஃபேன் இல்லாமல் வெளிமுகத்தை உலர்வாக வைக்க வேண்டுமானால் 12 செ.மீ-க்கும் அதிகமான தடிமன் தேவைப்படும். அவ்வளவு தடிமனுக்கு போர்டில் இடமே கிடையாது.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியும். ஒன்று, ஃபேன் என்பது காப்பின் ஒரு பகுதி, விருப்பப்பட்டால் வைக்கும் பொருள் அல்ல. இரண்டு, ஈரப்பதம் கூடிய அறையில் வெளிமுகம் வியர்த்தே தீரும். அந்த நீரை உறிஞ்ச டவல் வேண்டும், அதையும் தாண்டி வருவதைத் தாங்க போர்டின் மேல் லேக்கர் (மெல்லிய காப்புப் பூச்சு) வேண்டும். ஏசி போட்டு 25 °செ, 50%-க்குக் கொண்டுவந்த அறையில் ஃபேனுடன் 30 மி.மீ ஃபோம் இருந்தால் வெளிமுகம் 17 °செ பக்கம் நிற்கும். பனிநிலை 14 °செ என்பதால் அது உலர்வாகவே இருக்கும். அறையை உலர்த்தும் வேலை, இன்னொரு அடுக்கு ஃபோமைவிட அதிகம் பலன் தரும்.

தேவையானவை

லேக்கருக்கு அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்ப்ரே ஒரு கேன் (எம்ஜி கெமிக்கல்ஸ் 419 மாதிரி, புற ஊதா ஒளியில் ஒளிரும் வகையாக இருந்தால் நல்லது). 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர். ஓவியர்கள் பயன்படுத்தும், களிமண் போலப் பிசையக்கூடிய அழிரப்பர் நான்கைந்து கட்டி. வாசலின் 100 கிராம். ஏசி மெக்கானிக்குகள் செம்புக் குழாய்க்குச் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ஷீட், 6 மி.மீ-யிலும் 13 மி.மீ-யிலும் அரை மீட்டர் சதுரம் வீதம். கேப்டான் டேப் (வெப்பம் தாங்கும் மின்காப்பு டேப்), பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப், நல்ல தடித்த பேப்பர் டவல் இரண்டு ரோல், 120 மி.மீ ஃபேன் இரண்டு, கே-வகை தெர்மோகப்பிள் மீட்டர் (கம்பி முனையால் வெப்பநிலை அளப்பது), மல்டிமீட்டர், ஹேர் டிரையர்.

ஷீட் வாங்கும்போது மூடிய கண்ணறை ஃபோம்தானா என்று பாருங்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் அழுத்திப் பிழிந்தால் உள்ளே நீர் ஏறக்கூடாது. மெத்தையில் வரும் ஸ்பாஞ்ச் வகை நீரைக் குடித்துப் போர்டின் மேலேயே தேக்கி வைக்கும். அதைவிட வெறும் போர்டே மேல்.

அழிரப்பரைப் பிசைந்து, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒரு மி.மீ இடைவெளியில் குத்திப் பாருங்கள். மெகா ஓம் வரம்பில் எந்த எண்ணும் வரக்கூடாது. கறுப்பு, அடர் சாம்பல் நிற ரப்பர்களில் கரி கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

முன்வேலை

லேக்கர் அடித்த போர்டுக்கு வாரண்டி கிடைக்காது. ஆகவே முதலில் சாதாரணக் கூலரில் போர்டை ஒரு நாள் ஓட்டுங்கள். பயாஸைப் புதுப்பித்து, ரேம் ஸ்லாட் இரண்டும், முதல் பிசிஐஇ ஸ்லாட்டும், யுஎஸ்பிகளும் வேலை செய்கின்றனவா என்று பார்த்து, குளிரில் ஓட்டப்போகும் அமைப்புகளை புரொஃபைலாகச் சேமித்துவிடுங்கள். பிறகு ஏதாவது நின்றுபோனால், அது ஈரத்தாலா, முன்பே இருந்த குறையா என்ற குழப்பம் இருக்காது.

பின் எல்லாவற்றையும் கழற்றுங்கள்: பேட்டரி, எம்.2 மூடிகள், பின்பக்கக் கவசம், விஆர்எம் (சிபியுவுக்கு வேண்டிய மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி) ஹீட்சிங்க் உட்பட. ஹீட்சிங்க்கை விட்டுவைத்துச் சுற்றி மட்டும் அடிப்பவர்கள் உண்டு. அது சரியான முறை இல்லை. நீர் அதன் அடியில் ஓடினால் கண்ணுக்குத் தெரியாது, காயவும் காயாது.

ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் சாக்கெட்டைச் சுற்றியும் பின்பக்கமும் தேய்த்துக் கழுவி, முழுதாக உலர விடுங்கள். காற்றிலிருந்து படியும் நீர் ஏறத்தாழ தூய நீர். அது மின்சாரத்தை அதிகம் கடத்தாது. விரல் ரேகையின் உப்பு, சால்டர் ஃப்ளக்ஸின் மிச்சம், தூசி ஆகியவை அதில் கரையும்போதுதான் கடத்தியாக மாறுகிறது. 12 வோல்ட் தடமும் 1 வோல்ட் தடமும் அரை மி.மீ இடைவெளியில் ஓடும் இடத்தில் அந்த நீர் நின்றால் செம்பு அரித்துப் பச்சை பூக்கும். கழுவிய பிறகு கையுறை இல்லாமல் போர்டைத் தொடாதீர்கள்.

லேக்கர்

மறைக்க வேண்டியவை: சிபியு சாக்கெட் (போர்டுடன் வந்த பிளாஸ்டிக் மூடியைப் போட்டு, ஓரத்தில் டேப்), ரேம், பிசிஐஇ, எம்.2 ஸ்லாட்டுகள், 24 பின், 8 பின் இணைப்பிகள், ஃபேன் ஹெடர்கள், ஃப்ரன்ட் பேனல் பின்கள், பேட்டரி இருக்கை, சாக்கெட்டில் செருகிய பயாஸ் சிப், பொத்தான்களும் சுவிட்சுகளும், ஜம்பர்கள், பின்பக்க போர்ட்டுகள், மாஸ்ஃபெட்டின் மேல் தெர்மல் பேட் உட்காரும் இடம், திருகுத் துளைகளைச் சுற்றியுள்ள உலோக வளையம். மறைக்கும் வேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஸ்ப்ரே அடிக்க ஐந்து நிமிடம்தான்.

இருபது, இருபத்தைந்து செ.மீ தூரத்திலிருந்து மெல்லிய பூச்சாக அடியுங்கள். நான்கு பக்கமிருந்தும் சாய்த்து அடித்தால்தான் கெபாசிட்டர்களின் நிழல் விழும் பக்கமும் நனையும். அரை மணி நேரம் விட்டு இரண்டாவது, மறுபடியும் அரை மணி விட்டு மூன்றாவது. பின்பக்கத்துக்கும் அதே மூன்று. ஒரே தடவையில் தடிமனாக அடித்தால் மேல்தோல் காய்ந்து அடியில் கரைப்பான் சிக்கிக்கொள்ளும். குளிரில் அந்த இடம் வெடித்து விரியும். ரேம் மாட்யூலுக்கும் இதே பூச்சு, ஸ்லாட்டுக்குள் போகும் தங்க நிறத் தொடுமுனைகளை மட்டும் டேப்பால் மூடி.

24 மணி நேரம் காய விட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளிராத இடமெல்லாம் பூச்சு படாத இடம். சிறு பிரஷ்ஷால் அங்கே தொட்டு வைக்கலாம்.

லேக்கர் மட்டும் போதும் என்று நம்பாதீர்கள். அக்ரிலிக் ஆழ்குளிரில் நொறுங்கும் தன்மை அடைகிறது. ஒவ்வொரு முறை குளிர்ந்து சூடாகும்போதும் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். ஐந்தாறு செஷனுக்கு ஒரு தடவை புதிய பூச்சு அடிப்பது நல்லது.

சிலர் திரவ ரப்பர் பூச்சைத் தடவுகிறார்கள், பிறகு உரித்து எடுத்துவிடலாம் என்பதால். உரிக்கும்போது அரிசி நுனி அளவுள்ள கெபாசிட்டர்களும் ரெசிஸ்டர்களும் அதோடு சேர்ந்து பெயர்ந்து வரும். போர்டை மறுபடி விற்கும் எண்ணம் இருந்தால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

சாக்கெட்டைச் சுற்றி: ரப்பரா, வாசலினா?

இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பாகங்களுக்கு இடையே உள்ள காற்றை வெளியேற்றி அந்த இடத்தைத் தாங்களே நிரப்புகின்றன. முதல் போர்டுக்கு ரப்பரே சரி. பிசைந்து மென்மையாக்கி, சிறு உருண்டைகளாக எடுத்து, சாக்கெட் ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாக அழுத்திக்கொண்டே போங்கள். உள்ளிருந்து வெளியே போனால் காற்று தப்பிக்க வழி இருக்கும். வட்டமாக ஓரத்தை முதலில் அடைத்துவிட்டால் நடுவில் குமிழி சிக்கும். சுற்றிலும் நான்கைந்து செ.மீ வரை, 3 முதல் 5 மி.மீ தடிமன். சாக்கெட்டை அழுத்திப் பிடிக்கும் உலோகச் சட்டத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையிலான பள்ளம், லீவர் ஓடும் காடி, சிபியு மூடியின் (சிப்பின் மேலுள்ள உலோகத் தகட்டின்) நான்கு ஓரம் ஆகியவற்றைத் தனியாகக் கவனித்து நிரப்புங்கள். அந்தச் சட்டம் முழுக்க உலோகம். பாட்டுக்கு அடுத்தபடியாகக் குளிர்வது அதுதான்.

ரப்பரின் மட்டம் சிபியு மூடியின் மேல்முகத்தைவிட ஒரு மி.மீயாவது கீழே இருக்க வேண்டும். உயர்ந்துவிட்டால் பாட் சிபியுவின் மேல் உட்காராமல் ரப்பரின் மேல் உட்காரும். அறை வெப்பத்தில் ரப்பர் அமுங்கும், எல்லாம் சரியாகத் தெரியும். குளிரில் அது கல்லாகி, சிபியுவுக்கும் பாட்டுக்கும் நடுவே தடவிய தெர்மல் பேஸ்ட் பிளந்து, சிப்பின் வெப்பநிலை திடீரென்று ஏறும்.

வாசலினை வெந்நீர்ப் பாத்திரத்தில் டப்பாவோடு வைத்து உருக்கி, பிரஷ்ஷால் தடவலாம். எந்த இடுக்குக்குள்ளும் போகும் என்பது அதன் பலம். விஆர்எம் சூட்டில் உருகி ஓடும் என்பது பலவீனம். அனுபவமுள்ள பலர் சாக்கெட்டின் பின்களுக்கு நடுவிலும் அதை நிரப்புகிறார்கள். பின்களின் அழுத்தம் அதைத் துளைத்துக்கொண்டு தொடர்பு கொள்கிறது. வேலை செய்யும் முறைதான். ஆனால் ஒரு பின் வளைந்தால் அந்தப் பிசுக்குக்குள் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது. கையில் பழகிய பிறகு செய்யுங்கள். சுத்தம் செய்ய ஆல்கஹால் உதவாது, வாசலின் அதில் சரியாகக் கரையாது. பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான நீரும்தான் வழி. பிறகு காய்ச்சி வடித்த நீர், கடைசியில் ஆல்கஹால், ஒரு நாள் முழுக்க உலர்த்தல். பேட்டரியைக் கழற்றிய பின் மட்டுமே.

பின்பக்கம்

மறக்கப்படுவது இதுதான். சாக்கெட்டின் நேர் பின்னால் நெருக்கமாகக் கெபாசிட்டர்கள் இருக்கின்றன; செம்பு அடுக்குகள் வழியாகக் குளிர் அங்கே நேராக இறங்குகிறது. பாட்டின் பேக்பிளேட்டை (போர்டின் பின்னாலிருந்து பாட்டைத் திருகிப் பிடிக்கும் தகட்டை) போடுவதற்கு முன் அந்தப் பரப்பு முழுவதும் ரப்பர் அழுத்தி, அதன் மேல் 6 மி.மீ ஃபோமைப் பேக்பிளேட்டின் வடிவத்துக்கு வெட்டி ஒட்டுங்கள். பேக்பிளேட்டின் மேல் இன்னொரு 13 மி.மீ துண்டு, சாக்கெட்டைவிட எல்லாப் பக்கமும் ஐந்து செ.மீ கூடுதலாக. போர்டுக்குக் கீழே பேப்பர் டவல் விரித்து, போர்டு தரையில் படாதபடி ஸ்டாண்ட்ஆஃப்களில் நிறுத்துங்கள். அடியிலும் காற்று ஓட வேண்டும்.

முன்பக்க ஃபோமும் பாட்டும்

முன்பக்கத்துக்கு 6 மி.மீ ஷீட்டில் அட்டை மாதிரி ஒன்றை முதலில் வெட்டிப் பார்த்து, சிபியு மூடி இருக்கும் இடத்தில் ஓட்டை எடுங்கள். எல்ஜிஏ1700 சிப் 45 × 37.5 மி.மீ, ஆனால் ஓட்டையை பாட்டின் அடிப்பாகத்தின் அளவைவிட ஒரு மி.மீ குறைவாக வெட்டினால் ஃபோம் பாட்டை இறுக்கிப் பிடிக்கும். ரேம் ஸ்லாட்டின் ஓரம் வரையிலும், கீழே முதல் பிசிஐஇ ஸ்லாட் வரையிலும் போகட்டும். உயரமான சோக்குகள் (மின்சுருள்கள்), கெபாசிட்டர்கள் வரும் இடத்தில் ஃபோமின் அடியில் குழி தோண்டுங்கள். மேலே தூக்கி நிற்கவிட்டால் அதன் அடியில் காற்றுக்குக் கூடாரம் போட்டதுபோல் ஆகும். வெறுமையாக உள்ள ஸ்லாட்டுகளைக் கேப்டான் டேப்பால் மூடுங்கள்.

பாட்டின் சுவருக்கு 13 மி.மீ ஷீட்டில் இரண்டு சுற்று. முதல் சுற்றின் இணைப்பு ரேம் பக்கம் வந்தால் இரண்டாவதன் இணைப்பு எதிர்ப்பக்கம் வரட்டும். உள்சுற்று ஆழ்குளிரில் விறைத்துப்போகும், அதனால் குளிர்ந்தபின் அதை வளைக்கவோ நகர்த்தவோ கூடாது, உடையும். தெர்மோகப்பிள் துளைக்குள் கொஞ்சம் பேஸ்ட் வைத்து, கம்பி வெளியே வரும் இடத்தை ரப்பரால் அடையுங்கள். அந்தக் கம்பியின் வழியாக உள்ளே நீர் இறங்குவது அடிக்கடி நடக்கும் விஷயம்.

பேஸ்ட் ஆழ்குளிருக்கென்று வரும் வகையாக இருக்கட்டும். பாட்டை ஏற்றி, இறுக்கி, உடனே கழற்றி, சிபியுவின் மேல் பேஸ்ட் பதிந்த தடத்தைப் பாருங்கள். ஓரத்தில் ஒரு பக்கம் தடித்திருந்தால் ஃபோம் எங்கோ தூக்குகிறது. சரிசெய்து மறுபடி ஏற்றுங்கள். கடைசியாக, பேப்பர் டவலைக் கயிறு மாதிரி முறுக்கி, பாட்டின் அடியும் ஃபோமும் சேரும் இடத்தில் இரண்டு சுற்று. பாட்டுக்கும் ரேமுக்கும் நடுவே ஒரு மடிப்பு. கிராஃபிக்ஸ் கார்டின் மேல் ஒன்று.

ஊற்றும் முன், மூச்சுக்காற்று

ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியாகி ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகிறது. பத்தடி நீளம், அகலம், உயரம் உள்ள மூடிய அறையில் 10 லிட்டர் ஆவியானால் ஆக்சிஜன் 20.9%-இலிருந்து சுமார் 16%-க்கு இறங்கிவிடும். 19.5%-க்குக் கீழே போனாலே ஆபத்தான காற்று என்று கணக்கு. நைட்ரஜனுக்கு மணமில்லை, மூச்சுத் திணறலும் தெரியாது, நேராக மயக்கம்தான். ஸ்ப்ளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே சுழற்றுகிறது, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அறையை உலர்வாக வைக்கும் ஆசையும் ஜன்னலைத் திறக்கும் தேவையும் இங்கே மோதும். முந்தைய இரண்டு மணி நேரம் ஏசியால் அறையை உலர்த்துங்கள். ஊற்றத் தொடங்கியதும் கதவையும் ஜன்னலையும் திறந்துவிடுங்கள். ஈரம் கூடினால் டவலை அடிக்கடி மாற்றிக்கொள்ளலாம். ஆக்சிஜன் அலாரம் இடுப்பளவு உயரத்தில் இருக்கட்டும், குளிர்ந்த வாயு கீழேதான் தங்கும்.

முகக் கவசம், உடனே உதறிக் கழற்றக்கூடிய தளர்வான ஆழ்குளிர்க் கையுறை, காலை முழுதாக மூடும் ஷூ, அதன் மேல் விழும் பேன்ட் ஆகியவை கட்டாயம். துணிக் கையுறை திரவத்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டிப்பிடிக்கும். கால்நடை மருத்துவமனைகளில் உறைவிந்து வைத்திருக்கும் அதே வகைக் குறுகிய கழுத்துக் குடுவையில் நைட்ரஜனை வாங்கி வரலாம். அதன் மூடியை ஒருபோதும் இறுக்கி அடைக்காதீர்கள், வாயு வெளியேறியாக வேண்டும். மூடிய காரில் ஏற்ற வேண்டாம்.

ஓட்டத்தின்போது

ஃபேன்களை முதலில் ஓட விட்டுப் பிறகு ஊற்றுங்கள். ஒன்று ரேம் பக்கமிருந்து பாட்டின் மேல் வீசட்டும், இன்னொன்று விஆர்எம் மேல். பாட்டிலிருந்து வழியும் வெண்புகை கனமானது, போர்டின் மேல் இறங்கி ரேமை உறைய வைக்கும்; ஃபேன் அதைத் தள்ளிவிடும்.

பாட்டை −50 °செ-இல் பத்து நிமிடம் நிறுத்தி எங்கே பனி பிடிக்கிறது என்று பாருங்கள். ஃபோமின் மேல் ஒரே ஓரிடத்தில் மட்டும் வெள்ளை படிந்தால் அதன் அடியில் காற்று வழி இருக்கிறது. இப்போது நிறுத்திச் சரிசெய்தால் அரை மணி நேரம்தான் போகும். எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தால் கீழே இறங்கலாம். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை டவலை அழுத்திப் பாருங்கள், நனைந்திருந்தால் மாற்றுங்கள்.

போர்டின் குறியீட்டுத் திரையில் 55 வந்து நின்றால் ரேம் தெரியவில்லை என்று பொருள். குளிரில் இது வந்தால் முதல் சந்தேகம் ஸ்லாட்டுக்குள் பனி. மின்சாரத்தை நிறுத்தி, மாட்யூலைக் கழற்றி, ஸ்லாட்டை ஹேர் டிரையரால் உலர்த்திவிட்டு மறுபடி போடுங்கள். வோல்டேஜை ஏற்றி அதைக் கடக்கப் பார்க்காதீர்கள்.

உருகும் நேரம்

பனிக்கட்டி மின்சாரத்தை ஏறக்குறையக் கடத்தாது. −100 °செ-இல் போர்டு முழுக்க வெள்ளையாக இருந்தும் ஓடிக்கொண்டிருக்கும். அது உருகும்போதுதான், நாலைந்து மணி நேரத்தில் சேர்ந்த பனி முழுதும் பத்து நிமிடத்தில் நீராகி இறங்கும்போதுதான், போர்டுகள் போகின்றன.

முடித்ததும் கணினியை அணைத்து, பவர் சப்ளையின் பின்பக்கச் சுவிட்சையும் அணையுங்கள். மானிட்டர் இருட்டானால் மின்சாரம் போய்விட்டதாக அர்த்தமில்லை. 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் போர்டில் இருந்துகொண்டே இருக்கும். 24 பின், 8 பின் கேபிள்களைப் பிடுங்கிவிடுங்கள். கை எட்டினால் பேட்டரியையும் எடுங்கள், அந்த 3 வோல்ட்டும் நீர் நின்ற இடத்தில் அரிப்பை நடத்தும்.

பாட்டில் மிச்சமுள்ள நைட்ரஜன் தானாக ஆவியாகட்டும். பிறகு ஹேர் டிரையரைப் பாட்டின் வாய்க்குள் காட்டி, அதை 35, 40 °செ வரை சூடாக்குங்கள். பாட் பனிநிலையைத் தாண்டாதவரை அது புது ஈரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். 10 °செ-இல் தொட்டுப் பார்த்து முடிந்தது என்று நினைத்தால் நனைந்தே தீரும். சூடேறும்போது நனைந்த டவல்களை எடுத்து உலர்ந்தவற்றை வையுங்கள், இரண்டு மூன்று தடவையாவது.

40 °செ வந்ததும் அங்கேயே கழற்றுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். பாட், ஃபோம், பின்பக்கத் துண்டு என எல்லாவற்றையும் பிரித்து, ரப்பரின் அடியில் ஓரிடத்தைத் தூக்கிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் அடைப்பு சரியாக இருந்திருக்கிறது, அந்த ரப்பரை அப்படியே அடுத்த தடவைக்கும் விடலாம். துளி நின்றால் எல்லா ரப்பரையும் எடுத்து, அந்தத் துளி எந்த ஓரத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டுக்குள் நீர் தெரிந்தால் துடைக்கக் கூடாது, பின்கள் வளையும். போர்டைக் கவிழ்க்காமல் மிதமான சூட்டில் டிரையரை ஓட்டுங்கள். அதன் பின் ஃபேன் முன்னால் 24 மணி நேரம். அதுவரை மின்சாரம் கொடுக்காதீர்கள்.